630 மீட்டரில் தூரத்து நிலையங்கள் மறைந்தால்

630 மீட்டர் அமெச்சூர் வானொலிப் பட்டையில், 474.2 கிலோஹெர்ட்ஸில், அட்லாண்டிக் தாண்டி வந்த விஸ்பர் (WSPR, குறைந்த சக்தியில் அலை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கும் முறை) சிக்னல்கள் ஒரே இரவில் மறைந்தன. ஆன்டெனாவைக் கழற்றும் முன், பகலில் தரையலையாக (நிலத்தை ஒட்டியே) வரும் பக்கத்து நிலையத்தைப் பார்த்தேன்: அளவு மாறவில்லை. இரைச்சலும் கூடவில்லை. ஆக, கோளாறு வானத்தில். புவிகாந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை அளக்கும் கேபி (Kp) குறியீடு 6. புவிகாந்தப் புயலில் எலக்ட்ரான்கள் கொட்டி, அயனி மண்டலத்தின் கீழ்ப்பகுதியான டி அடுக்கு இரவிலும் அலையை விழுங்கும்; துருவ ஒளி வளையத்தை உரசும் பாதைதான் முதலில் அடிபடும். கேபி இறங்கிய பிறகும் சில நாள் பாதிப்பு நீடிக்கும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். வளைய ஆன்டெனாவை, அதன் வளையம் அமைந்த தளம் வடக்கு தெற்காக இருக்கும்படி திருப்பியதும் தென்திசை நிலையங்கள் கிடைத்தன.

இரைச்சல் கூடியிருந்தால் கதை வேறு. இரைச்சல் கிளப்பும் சுவிட்ச் மோடு அடாப்டர்களை (சார்ஜர் போன்ற மின்மாற்றிகளை) ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்; கேபிள் வழியே வரும் இரைச்சலைத் தடுக்க, கோஆக்ஸை (ஆன்டெனா கேபிளை) 75 வகை ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் 10–12 சுற்று சுற்றுங்கள்.