பளபளப்பாக்கிக் கொண்டு வராதீர்கள்: பழம்பொருள் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ஓர் இளைஞர் டப்பா நிறையப் பழைய செப்புக் காசுகளைக் கொண்டுவந்து காட்டினார். மூடியைத் திறந்ததும் எனக்கு நெஞ்சை அடைத்தது. முப்பது காசுகளும் அப்போதுதான் தோலுரித்த செம்புக் கம்பிபோல இளஞ்சிவப்பாக மின்னின. "உங்ககிட்ட காட்டணுமேன்னு ராத்திரி முழுக்க உட்கார்ந்து சுத்தம் பண்ணினேன் சார்" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு நானும் அதே சந்தோஷத்தோடு அதேபோல் ஒரு டப்பாவை ஒரு வியாபாரியின் மேசைமேல் வைத்தேன். என் தாத்தா சேர்த்து வைத்திருந்த காசுகள். அவர் ஒன்றை எடுத்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார். இரண்டாவது காசை அவர் எடுக்கவே இல்லை.

அந்த இளைஞருக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் இங்கே எழுதுகிறேன். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள், கீழே போடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வயதை வைத்து விலை போடுவது

"இது ஆயிரத்து அறுநூறு வருஷப் பழசு, அப்போ எவ்வளவு போகும்?" இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒன்றாவது வரும். நான்காம் நூற்றாண்டு ரோமானிய வெண்கலச் சில்லறைக் காசுகள் இன்றும் புதையல்களில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. தேய்ந்துபோன ஒன்றைப் புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கூட வாங்கிவிடலாம். பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் மெஜந்தா தபால்தலையோ 1856இல் அச்சானது. உலகில் ஒன்றே ஒன்றுதான் இருப்பதாக அறியப்படுகிறது. 2014இல் அது ஏலத்தில் ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்குப் போனது. அதே தபால்தலை 2021இல் 83 லட்சத்துக்குத்தான் போனது. ஏழு வருடங்களில் அதற்கு ஏழு வயது கூடியது, விலை குறைந்தது.

எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்தபிறகுதான் நான் வயதையே கேட்பேன்.

பொறித்திருக்கும் ஆண்டை அப்படியே நம்புவது

மரியா தெரேசா தாலர் என்ற பெரிய வெள்ளி நாணயத்தில் 1780 என்று இருக்கும். அதில் முகம் பொறித்திருக்கும் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா இறந்த ஆண்டு அது. அவர் போனபிறகும் அரேபிய, எத்தியோப்பிய வணிகர்கள் அந்த நாணயத்தைத்தான் நம்பினார்கள். அதனால் அதே முகம், அதே 1780 என்று வியன்னாவிலும், பின்னாளில் ரோம், லண்டன், பம்பாய் நாணயச் சாலைகளிலும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அடித்த தாலரிலும் 1780தான். வெள்ளி அசல்தான், ஆண்டுதான் பொய்.

சீனப் பீங்கானிலும் இதே கதை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில், சீனப் பேரரசர் காங்ஸியின் காலத்துக் குயவர்கள் இருநூறு வருடம் முந்தைய மிங் வம்சத்து அரசர் செங்குவாவின் முத்திரையை அடியில் எழுதினார்கள். பெரும்பாலும் முன்னோர் வேலைக்குச் செய்த மரியாதை அது. ஏமாற்ற நினைத்தவர்கள் பின்னால் வந்தார்கள்.

ஆகவே எழுத்தைக் கடைசியில் படியுங்கள். முதலில் பொருளைப் படியுங்கள். மரம் இழைக்குக் குறுக்கே சுருங்கும். நூற்றைம்பது வருடம் ஆன வட்ட மேசையை இரு திசையிலும் அளந்தால் கொஞ்சம் முட்டை வடிவமாகியிருக்கும். பிசகாத வட்டமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். கூட்டல் குறி வெட்டிய திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. அது இருந்தால், ஒன்று பொருள் புதியது, இல்லையென்றால் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். இந்த இரண்டில் எது என்பதைத் திருகைச் சுற்றியுள்ள மரம் சொல்லிவிடும். பழைய கடிதம் என்று தந்தால் இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். காகிதம் நீல வெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்த்த தாள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் அது பரவலாக வந்தது.

சுத்தம் செய்வது

இங்கேதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மற்ற தவறுகளில் பணம் போகும், இன்னொரு நாள் சம்பாதித்துக்கொள்ளலாம். இதில் பொருளே போய்விடும்.

தமிழில் களிம்பு என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு சங்கதிகளைச் சொல்கிறோம். குழப்பத்தில் பாதி அங்கே தொடங்குகிறது. செம்பும் வெண்கலமும் காற்றில் இருக்க இருக்க முதலில் சிவந்த ஆக்சைடு படியும். அதன்மேல் பல பத்தாண்டுகளில் பழுப்போ பச்சையோ ஏறும். கெட்டியாக, வழவழப்பாக, உலோகத்தோடு ஒட்டிப் பிறந்ததுபோல் இருக்கும் அந்தப் படலம்தான் அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை 1886இல் நிறுவியபோது செம்பு நிறத்தில்தான் இருந்தது. பச்சை ஏறியதைப் பார்த்து 1906இல் வண்ணம் பூச யோசனை வந்தது. ராணுவப் பொறியாளர்கள் ஆராய்ந்து, அந்தப் படலம் செம்பைப் பாதுகாக்கிறது என்றார்கள். பூசாமல் விட்டார்கள். இன்றும் அந்தப் பச்சைதான் அவளுக்குக் கவசம்.

இன்னொன்று நோய். வெளிறிய பச்சைப் பொடியாகப் புள்ளி புள்ளியாய்ப் பூக்கும். தட்டினால் உதிரும், சில வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். உலோகத்துக்குள் புகுந்த குளோரைடும் காற்றின் ஈரமும் சேர்ந்து உள்ளே தின்றுகொண்டே போகிற நிலை அது. வெண்கல நோய் என்பார்கள். அப்படிக் கண்டால் பொருளைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிட்டு, பாதுகாப்பு வேலை தெரிந்தவரைத் தேடுங்கள்.

முதலாவதைக் கண்டால் ஒன்றுமே செய்யாதீர்கள். மண்ணிலிருந்து வந்த பழங்காசில் எழுத்தின் விளிம்பும் உருவத்தின் மூக்கும் கண்ணும் பல சமயம் அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். அடியில் இருக்கும் உலோகம் ஏற்கெனவே அரித்துப்போயிருக்கும். வினிகருக்கும் உப்புக்கும் எது அழுக்கு, எது மூக்கு என்று தெரியாது. இரண்டையும் கரைத்துவிடும். மிஞ்சுவது இளஞ்சிவப்புத் தகடு. ஆறு மாதத்தில் அதுவும் திட்டுத் திட்டாகக் கறுக்கும். சுத்தம் செய்யக் கற்றுத்தரும் காணொளிகள் காசு மின்னுகிற நொடியோடு முடிந்துவிடுகின்றன. அந்த ஆறாவது மாதத்தை யாரும் காட்டுவதில்லை. எனக்குத் தீராத கோபம் அதில்தான்.

"லேசாத்தான் தேய்ச்சேன்" என்பார்கள். வெள்ளி நாணயத்தில் லேசு என்று ஒன்று கிடையாது. அச்சு விழும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழியும். அந்த வழிவு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாக உறைந்து நிற்கும். புதிய நாணயத்தைச் சாய்த்தால் ஒளி சக்கரம்போல் சுழல்வது அவற்றால்தான். மென்மையான பருத்தித் துணியும் அவற்றின்மேல் கீறலைப் போடும். கறையைக் கரைக்கும் திரவத்தில் முக்கினாலும் நஷ்டம்தான். வெள்ளியின் கறுப்பு என்பது வெள்ளி சல்பைடு, அதில் இருக்கும் வெள்ளி உங்கள் நாணயத்தின் வெள்ளி. ஒவ்வொரு முறையும் மேல்தோலில் ஒரு துளி கரைந்து போகிறது. நாலைந்து முறைக்குப் பிறகு நாணயம் வெள்ளையாக இருக்கும், உயிர் இருக்காது. நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்று உண்டு. தரச் சான்று தரும் நிறுவனங்கள் தேய்த்துக் கெடுத்த நாணயத்துக்கு எண்ணே தராமல், சுத்தம் செய்யப்பட்டது என்று குறித்து அனுப்பிவிடும்.

முத்திரை பொறித்த வெள்ளிப் பாத்திரத்தை வருடம் முழுவதும் மெருகேற்றுபவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக முத்திரையையே தேய்க்கிறார்கள். பிரிட்டிஷ் வெள்ளியில் எந்த ஊர், எந்த ஆண்டு, யார் செய்தது என்பதெல்லாம் அந்தச் சின்னச் சின்னக் குறிகளில்தான் இருக்கிறது. அவை மழுங்கினால் பொருள் அநாதை. முலாம் பூசியதாக இருந்தால் இன்னும் மோசம், ஒரு நாள் மூக்கின் நுனியில் செம்பு எட்டிப் பார்க்கும்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒரு டாகரோடைப். 1839இல் உலகுக்கு அறிவித்த முதல் புகைப்பட முறை அது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டின் மேற்பரப்பில், வெள்ளியும் பாதரசமும் கலந்த நுண்துகள்களாகப் படம் நிற்கும். தூசியைப்போல அவ்வளவு மெல்லியது. ஒருவர் தன் குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் படம் மங்கலாக இருக்கிறதே என்று அதன்மேல் இருந்த கண்ணாடியைக் கழற்றி மெல்லிய துணியால் ஒரே ஒரு முறை துடைத்திருக்கிறார். என்னிடம் வந்தபோது தகட்டில் தோளும் ஒரு கையும் இருந்தன. முகம் இல்லை. அந்தப் பெண்மணிக்கு வேறு படம் கிடையாது. அவரிடம் என்ன சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியாது.

தெரியாதவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைக்காதீர்கள். 1937, 38இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலேயே பார்த்தெனான் என்ற பழைய கிரேக்கக் கோயிலின் பளிங்குச் சிற்பங்களை வெள்ளையாக்க வேண்டும் என்று செப்புக் கருவிகளாலும் கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புக் கற்களாலும் சுரண்டியிருக்கிறார்கள். புதிய அரங்குக்குப் பணம் கொடுத்தவர் வெண்மையை விரும்பினார். சுரண்டிய மேற்பரப்பை யாராலும் திரும்ப ஒட்ட முடியவில்லை.

அப்படியானால் என்னதான் செய்யலாம்? சேகரிப்புக் காசில் மண் உதிரும் நிலையில் இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சுத்தமான அசிட்டோன், நெருப்பில்லாத, காற்றோட்டமான இடத்தில். நகப்பூச்சை அழிக்கும் திரவம் கூடாது, அதில் வேறு சேர்மானங்கள் உண்டு. இதற்குமேல் எதுவும் உங்கள் கையில் வேண்டாம். தினமும் மேசைக்கு வரும் வெள்ளிக் கரண்டியை நான் சொல்லவில்லை. அது புழங்குகிற பொருள், துடைத்துத்தான் ஆகவேண்டும். காட்டவோ விற்கவோ கொண்டு வருவதை மட்டும் கிடைத்த கோலத்திலேயே கொண்டு வாருங்கள். அழுக்கைப் பார்த்து எந்த நிபுணரும் முகம் சுளிக்க மாட்டார்.

கேட்கும் விலையை விலை என்று நினைப்பது

விற்காமல் கிடப்பதால்தான் அந்த விலை உங்கள் கண்ணில் படுகிறது. விற்று முடிந்த ஏலங்களின் முடிவைப் பாருங்கள். காப்பீட்டுக்கு எழுதித்தரும் தொகை வேறு, வியாபாரி கையில் தரும் தொகை வேறு, இரண்டும் சந்திக்காது.

பத்திரப்படுத்துகிறேன் என்று கெடுப்பது

மென்மையான, வளையும் பிவிசி உறையில் போட்ட நாணயம் சில வருடத்தில் பச்சைப் பசையோடு வெளியே வரும். பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்த்த எண்ணெயும் அமிலமும் கசிவதால் வருவது அது. பாலியஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். வெள்ளியை ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள், கம்பளியில் சுற்றாதீர்கள், இரண்டிலும் கந்தகம் இருக்கிறது. செய்தித்தாளில் சுற்றினால் அதன் அமிலம் உள்ளே இருக்கும் காகிதத்தையும் பழுப்பாக்கும். ஓக் மர அலமாரி பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் அசிட்டிக் அமில ஆவியை விடும். ஈயப் பொருள் வெள்ளைப் பொடியாகும், சங்கு சிப்பிகளின் மேல் உப்புப் பூக்கும். வருடக்கணக்கில் சேர்த்த சிப்பிகள் இழுப்பறைக்குள்ளேயே கரைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒட்டும் டேப்

வேண்டாம்.

லேமினேஷன்

அதைவிட வேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க முயன்றால் காகிதமும் சேர்ந்து வரும்.

கதையைத் தனியாகப் போகவிடுவது

பழைய உறை, ரசீது, டப்பாவின் மூடி, பின்பக்கம் ஒட்டிய லேபிள் எல்லாம் குப்பைக்குப் போய், பொருள் மட்டும் வந்து சேரும். மெஜந்தா தபால்தலையின் பின்பக்கம் முன்னாள் உரிமையாளர்கள் சிலரின் அடையாளக் குறிகள் இன்னும் இருக்கின்றன. அது யார் யார் கையில் இருந்தது என்பதற்கு அவையே சாட்சி. உங்கள் வீட்டுப் பொருளுக்கு அப்படி ஒரு சாட்சியை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். பெரியவர்கள் சொல்வதை, யார் சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்பதோடு அமிலமில்லாத அட்டையில் பென்சிலால் எழுதி பொருளோடு வையுங்கள். பொருளின் மேலேயே எழுதாதீர்கள். சொன்னதை அப்படியே எழுதுங்கள், அழகுபடுத்தாதீர்கள். "அரசர் கொடுத்தது" என்று தாத்தா சொன்னால் "தாத்தா சொன்னார்" என்பதுதான் பதிவு. அரசர் கொடுத்தாரா என்பதைப் பிறகு ஆவணம் சொல்லட்டும்.

இருட்டில் ஒளிரும் எண்கள் உள்ள பழைய கடிகாரம்

மூடியைத் திறக்காதீர்கள். 1960கள் வரையிலான பலவற்றில் அந்தப் பூச்சு ரேடியம். ஒளி எப்போதோ செத்திருக்கும், ஆனால் ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருடம் ஆகும். உதிரும் தூசி மூச்சில் போகக் கூடாது.