மில் ஸ்டைலில் வீடு வைக்கிறீர்களா? உப்புக்காற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்

நாகர்கோவில் பக்கம் வீடு வைக்கிறவர்கள் இப்போது கொத்தனாரிடம் மொபைலை நீட்டிக் காட்டும் படம் பெரும்பாலும் ஒன்றுதான்: பூசாத செங்கல் சுவர், கறுப்பு இரும்புக் குழாயில் அலமாரி, சிமெண்ட் தரை, மஞ்சளாக எரியும் குண்டு பல்பு. இண்டஸ்ட்ரியல் ஸ்டைலாம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாதிரி ஊர்களில் பழைய பஞ்சாலைகளை வீடாக மாற்றும்போது இதெல்லாம் தானாகவே கிடைத்துவிடும். அங்கே 1798-இல் கட்டத் தொடங்கிய மர்ரேஸ் மில்ஸ் இன்று குடியிருப்பு. பகல் வெளிச்சத்தில் வேலை நடக்க வரிசையாகச் சன்னல், எந்திரப் பாரம் தாங்க வார்ப்பிரும்புத் தூண். அழகுக்கு யாரும் வைக்கவில்லை.

இங்கே முதலில் சொதப்புவது இரும்பில்தான். கடலோர முட்டத்தில் அக்கா வீட்டு ஹாலில், கறுப்பு பெயிண்ட் அடித்த குழாயில் புத்தக அலமாரி வைத்தார்கள். ஆடிக்காற்று ஓய்வதற்குள் திருகாணியெல்லாம் துருப்பிடித்து, வெள்ளைச் சுவரில் வெற்றிலை எச்சில் வடிந்த மாதிரி கோடு. மறைக்க அக்கா காலண்டர் மாட்டினாள், அந்த ஆணியும் துருப்பிடித்தது. துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய் வாங்குங்கள், ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கேதான் முதலில் தலைகாட்டும், அதனால் அங்கே ஜிங்க் (துத்தநாக) பெயிண்ட் அடித்த பிறகுதான் கறுப்பு. கடலோரம் என்றால் திருகாணி 316 என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

பூசாத செங்கல்லை வெளிச்சுவரில் வைக்காதீர்கள். நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, செங்கல் தண்ணீரைக் குடித்துவிட்டு வெள்ளையாக உப்புப் பூக்கும், மேலே வார்னிஷ் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று அது தோல் தோலாக உரியும். சாரல் படாத உள்சுவர் ஒன்று போதும். பத்தடி உயரக் கூரைக்குக் கறுப்பு அடிப்பதும் வேண்டாம், அறை தலையில் உட்கார்ந்துவிடும்.

வயிற்றெரிச்சல் வேறொன்று. தாத்தா காலத்து ஓட்டு வீட்டை உடைத்து, அயனி மரக் கதவை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அப்புறம் மரம் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய பலகை வாங்குவது! கறுப்புத் தரைக்கும் மான்செஸ்டர் போக வேண்டாம், பத்மநாபபுரம் அரண்மனையில் சுண்ணாம்பும் சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்டதாகச் சொல்லும் தரை இன்றும் மின்னுகிறது, ஒருதடவை போய்ப் பாருங்கள். அந்த அயனிக் கதவு கையில் இருந்தால் சாப்பாட்டு மேசையாக்கிவிடலாம். ஆசாரியிடம் கொடுக்கும் முன் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்டால் கரையான் ஏறியிருக்கிறது, அந்த ஓரத்தை மட்டும் அறுத்துவிடச் சொல்லுங்கள்.