ஷோகிரன் நோய்: வறட்சியோடு வரும் சிக்கல்களைக் கையாளும் முறை

உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் கண்ணீர்ச் சுரப்பிகளையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாக்கும் ஷோகிரன் நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. ஆயினும் அதனால் வரும் கேடுகள் பலவற்றை முன்கூட்டியே தடுக்கலாம்.

பற்களிலிருந்தே தொடங்குங்கள். கண் உறுத்தினால் எவரும் மருத்துவரைத் தேடிச் செல்வர்; பற்சொத்தையோ வலி எடுக்கும் வரை வெளியே தெரிவதில்லை. வாயில் ஊறும் அமிலத்தைத் தணித்து, பல்லின் எனாமல் இழந்த கால்சியத்தை ஈடுசெய்வது உமிழ்நீர்தான் என்பதால், அது வற்றியவுடன் ஈறோரங்களில் சொத்தை விரைந்து பரவுகிறது. பல் மருத்துவர் எழுதித் தரும் 5000 பிபிஎம் ஃபுளோரைடு பற்பசையால் துலக்கி, நுரையைத் துப்பியபின் நீரால் கொப்பளிக்காமல் விட்டுவிடுங்கள். எச்சில் ஊறட்டும் என்று புளிப்பு மிட்டாயைச் சுவைப்பது பல்லைக் கரைக்கும் வேலை. சர்க்கரையற்ற சைலிட்டால் சூயிங்கம் மேலானது. நாக்கு சிவந்து எரிந்தாலோ கடைவாய் வெடித்தாலோ அது வெறும் வறட்சியாக இல்லாமல் பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு.

நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் கண் சொட்டுமருந்து தேவைப்பட்டால், பதப்படுத்தும் வேதிப்பொருள் கலக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். இரவில் களிம்பு உதவும். கடும் வலி, வெளிச்சத்தைக் காண முடியாத கூச்சம், பார்வை மங்கல் ஆகியவை கருவிழிப் புண்ணின் அறிகுறிகளாக இருக்கக்கூடும் என்பதால் அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும்.

சளி, ஒவ்வாமை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் சில வறட்சியை மிகுவிக்கும். சுரப்பைத் தூண்டும் பைலோகார்பைன், கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது.

காதுக்கு முன்புறம் உள்ள சுரப்பி வீங்கி, வாரக்கணக்கில் வற்றாமல் கெட்டியாக நின்றால், குறிப்பாகக் காய்ச்சலும் எடைக்குறைவும் உடன் வந்தால், தாமதிக்காதீர்கள். இந்நோயாளிகளுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். தொடரும் வறட்டு இருமல் நுரையீரல் பாதிப்பையும், பாதங்களில் எரிச்சலும் மரப்பும் நரம்புப் பாதிப்பையும், திடீர்த் தசைத் தளர்ச்சி சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியம் குறைந்ததையும் சுட்டலாம். வாய் வறட்சியை மட்டும் சொல்லிவிட்டு இவற்றை மருத்துவரிடம் மறைப்பவர்கள் உண்டு. தொடர்பில்லாதவை என்று எண்ணிவிடுகிறார்கள்.

கருத்தரிக்க எண்ணும் பெண்கள், இந்நோயாளிகள் பலரின் இரத்தத்தில் காணப்படும் ரோ (Ro) எதிர்பொருளுக்கான சோதனை முடிவை முன்னரே மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த எதிர்பொருள் சில வேளைகளில் சிசுவின் இதயத்துடிப்பைத் தடைப்படுத்தக்கூடும் என்பதால், கர்ப்பத்தின் நடுப்பகுதியில் சிசுவின் இதயத்தை ஸ்கேன் மூலம் கண்காணிப்பார்கள்.