மில்லு கரண்டும் விமானக் கரண்டும்: பழகிய கை செய்யும் தவறுகள்

மலேசியாவின் பந்திங் வட்டாரத்துத் தோட்டங்களில் கரண்ட் வேலை தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. செம்பனை மில்லின் இஞ்சின் ரூமில் கரண்டுக்குப் பொறுப்பான சார்ஜ்மேன் இருப்பார். டவுனில் வீட்டு வயரிங்கை காண்டிராக்ட் எடுத்துச் செய்பவர் இருப்பார். தோட்டப் பட்டறையில் லாரிக்கும் டிராக்டருக்கும் வயர் இழுப்பவர் இருப்பார். இவர்களுக்குப் பக்கத்தில் ஸ்பேனர் பிடித்து வளர்ந்த பிள்ளைகள் சிலர் பள்ளிக்கூடத்தில் எஸ்.பி.எம். தேர்வு முடித்ததும் விமானப் பராமரிப்புப் படிக்கப் போகிறார்கள். கை பழகியிருப்பது பெரிய சொத்துதான். ஆனால் விமானத்தின் மின்சார அமைப்பில் அவர்கள் இடறி விழுவதும் பல நேரம் அந்தப் பழகிய கையால்தான். எங்கெங்கே என்று பார்ப்போம்.

115 வோல்ட்டைப் பார்த்து இளக்காரம்

வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற விமானங்களில் ஓடுவது 115 வோல்ட், மூன்று ஃபேஸ், 400 ஹெர்ட்ஸ். இரண்டு ஃபேஸுக்கு நடுவே அளந்தால் 200 வோல்ட். வீட்டில் பாதிதானே என்று அசட்டையாகக் கை வைப்பது முதல் தவறு. இந்த விமானங்களின் ஜெனரேட்டர் ஒவ்வொன்றும் 90 கே.வி.ஏ. முழு லோடில் ஒரு ஃபேஸில் மட்டும் சுமார் 260 ஆம்பியர் ஓடும்.

400 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது? கணக்கு மில்லில் பார்த்ததேதான். நிமிடச் சுற்றைத் துருவ எண்ணிக்கையால் பெருக்கி 120ஆல் வகுக்க வேண்டும். மில்லின் ஜென்செட் 1,500 சுற்று, நான்கு துருவம்: 50 வரும். விமான ஜெனரேட்டர் 24,000 சுற்று, இரண்டு துருவம்: 400 வரும். அதிர்வெண் கூடினால் டிரான்ஸ்ஃபார்மருக்கும் மோட்டாருக்கும் வேண்டிய இரும்பு குறைகிறது. ஒவ்வொரு கிலோவுக்கும் எண்ணெய் எரிக்கும் இடத்தில் அது பெரிய லாபம்.

அந்த லாபத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரே கேபிளின் இண்டக்டிவ் தடை 50 ஹெர்ட்ஸில் இருப்பதைப் போல எட்டு மடங்காகிவிடும். கேபிள் நீள நீள வோல்ட்டேஜ் சரியும். அடுத்தது மீட்டர். வீட்டு வேலைக்கு வாங்கிய மலிவு கிளாம்ப் மீட்டர் 50, 60 ஹெர்ட்ஸுக்கு அளவு சரிசெய்யப்பட்டது. 400 ஹெர்ட்ஸில் அது காட்டும் எண்ணை நம்பி ஜெனரேட்டர் கண்ட்ரோல் யூனிட்டைக் கழற்றி மாற்றினால், நல்ல பாகம் ஒன்று வீணாகப் பெட்டிக்குள் போகும். மீட்டரின் பின்பக்கத்திலோ அதன் கையேட்டிலோ அதிர்வெண் வரம்பு போட்டிருக்கும். வேலைக்கு முன் அதைப் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் நடக்கும். விமானத்திலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரை பட்டறை மேசையில் வைத்து, வோல்ட்டேஜை மட்டும் 115க்கு இறக்கி, 50 ஹெர்ட்ஸில் சோதித்துப் பார்ப்பார்கள். 400 ஹெர்ட்ஸுக்கென்று குறைத்துப் போட்ட இரும்பு அதைத் தாங்காது. இரும்பு மையத்தில் காந்தம் நிறைந்துபோய் கரண்ட் எகிறும். சற்று நேரத்தில் வார்னிஷ் கருகும் வாடை வரும்.

ஐ.டி.ஜி. எண்ணெய்: கொஞ்சம் கூடுதலா ஊத்தினா என்ன?

மில்லில் கவர்னர் இஞ்சினின் வேகத்தையே 1,500இல் கட்டி வைக்கும். விமான இஞ்சினை அப்படிக் கட்டி வைக்க முடியாது. தரையில் சும்மா ஓடும்போது ஒரு வேகம், மேலெழும்பும்போது வேறு வேகம். அதனால் இஞ்சினுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே, எண்ணெய் அழுத்தத்தால் வேகத்தை ஈடுகட்டும் ஒரு டிரைவ் இருக்கிறது. அதுவும் ஜெனரேட்டரும் ஒரே கூட்டுக்குள் இருப்பதுதான் ஐ.டி.ஜி. அதே எண்ணெய்தான் ஜெனரேட்டரைக் குளிர்விக்கவும் செய்கிறது.

லாரி இஞ்சினில் எண்ணெய் ஒரு விரற்கடை கூடினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று பழகியவர்கள் இங்கே தாராளமாக ஊற்றிவிடுகிறார்கள். கூடுதல் எண்ணெயைச் சுழலும் பாகங்கள் கடைந்துகொண்டே இருக்கும். நுரைக்கும், சூடேறும். குறைவாக ஊற்றினால் வரும் அதே சூட்டு எச்சரிக்கை இதிலும் வரும். "சூடாகுது, எண்ணெய் பத்தலை போல" என்று நினைத்து மேலும் ஊற்றுகிறவரும் உண்டு.

சரியான முறை இது. இஞ்சினை நிறுத்திய பிறகு, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்துதான் எண்ணெய் மட்டம் காட்டும் சைட் கிளாஸைப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஏற்றும்போது வழிகுழாயை முதலில் மாட்ட வேண்டும். உள்ளே இருக்கும் அழுத்தம் அதன் வழியாக இறங்கும். அதன்பின் பம்பு குழாயை மாட்டி ஏற்ற வேண்டும். மிகுதி எண்ணெய் வழிகுழாயில் வடிந்து சொட்டு சொட்டாகக் குறையும்வரை அதைக் கழற்றக் கூடாது. அவசரத்தில் வழிகுழாயை மாட்டாமல் பம்பு குழாயை மட்டும் மாட்டுவதுதான் அளவு மீறுவதற்கு முக்கியக் காரணம்.

டிஸ்கனெக்ட் சுவிட்ச் இன்னொரு பொறி. அதை அமுக்கினால் இஞ்சினுக்கும் ஐ.டி.ஜி.க்கும் உள்ள பிடிப்பு விலகிவிடும். பறக்கும்போது மறுபடி சேர்க்க வழியே இல்லை. தரையில், இஞ்சின் நின்ற பிறகு, ஐ.டி.ஜி.யின் ரீசெட் வளையத்தை இழுத்துத்தான் சேர்க்க வேண்டும். ஏ320இல் அந்தப் பொத்தானை மூன்று விநாடிக்கு மேல் அமுக்கிப் பிடிக்கக் கூடாது. இஞ்சின் சுழலாமல் நிற்கும்போது அமுக்கவே கூடாது. சூடு எல்லை மீறி, உள்ளே உருகும் பாகம் உருகித் தானாகவே விலகியிருந்தால் வளையத்தை எத்தனை முறை இழுத்தாலும் பயனில்லை. ஐ.டி.ஜி.யையே மாற்ற வேண்டியதுதான்.

இரண்டையும் சேர்த்து ஓட்டுவார்கள் என்ற நினைப்பு

மில்லில் நீராவி டர்பைனையும் டீசல் ஜென்செட்டையும், இரண்டின் ஃபேஸும் ஒத்துப்போவதைக் காட்டும் சிங்க்ரோஸ்கோப்பின் முள் பன்னிரண்டு மணிக்கு வரும் நேரம் பார்த்து இணைப்பதைப் பார்த்தவர்கள், விமானத்திலும் இடது வலது ஜெனரேட்டர்கள் இணையாக ஓடுகின்றன என்று எண்ணிக்கொள்கிறார்கள். போயிங் 747-400இல் அப்படி உண்டு. 737, ஏ320இல் கிடையாது. ஒரு பஸ்ஸுக்கு, அதாவது கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பொதுக் கம்பிக்கு, ஒரு நேரத்தில் ஒரே மூலம்தான். வாலில் இருக்கும் சின்ன இஞ்சினான ஏ.பி.யு.விலிருந்து இஞ்சின் ஜெனரேட்டருக்கு மாறும்போது பழையது முதலில் விலகும், பிறகு புதியது சேரும். அந்த இமைப்பொழுதில் கேபின் விளக்கு சிமிட்டும். அது பழுதல்ல. அதற்காகக் கான்டாக்டரை, அதாவது மூலத்தைச் சேர்த்து விலக்கும் பெரிய சுவிட்சை, கழற்ற வேண்டாம்.

எல்லா ஜெனரேட்டரும் போனால் பேட்டரி முழு விமானத்தையும் ஓட்டும் என்று நினைப்பதும் பிழை. லோடுகளை அடுக்கு அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் சமையலறை அடுப்புகள் வெட்டப்படும். கடைசியில் மிஞ்சுவது விமானியின் அத்தியாவசியக் கருவிகளும் ரேடியோவும் போன்றவை. ஏ320இல் அவசரக் காற்றாடி வெளியே விரிந்து, ஹைட்ராலிக் வழியாக 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரைச் சுழற்றும். 90க்குப் பதில் 5 என்றால் எவ்வளவு கழித்துவிட வேண்டியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுந்த பிரேக்கரைத் தூக்கி அமுக்குவது

வீட்டில் எம்.சி.பி. விழுந்தால் மேலே தூக்கிவிடுவோம். மறுபடி விழுந்தால் திரும்பவும் தூக்குவோம். இந்தப் பழக்கத்தை ஹேங்கர் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். சர்க்கியூட் பிரேக்கர் காப்பது கருவியை அல்ல, வயரை. அது விழுந்தால் எங்கோ ஒரு வயர் தாங்காத சூட்டைப் பார்த்துவிட்டது என்று பொருள். தரையில் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே அமுக்க வேண்டும். பறக்கும்போது, பாதுகாப்புக்கு அவசியம் என்று கேப்டன் முடிவெடுத்தால் ஒரே ஒரு முறை. எரிபொருள் பம்பு, எரிபொருள் அளவு காட்டும் சர்க்கியூட் ஆகியவற்றின் பிரேக்கரை அப்போதும் தொடக் கூடாது.

பிரேக்கர் விழவில்லை என்பதால் எல்லாம் சரி என்றும் ஆகாது. வயருக்கு வயர் பொறி தெறிக்கும்போது கரண்ட் விட்டுவிட்டுப் பாயும். சாதாரண வெப்பப் பிரேக்கர் அதைக் கவனிக்காமலே இருந்துவிடும். 1998 செப்டம்பர் 2ஆம் தேதி கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலோரத்தில் விழுந்த சுவிஸ்ஏர் 111இல் 229 பேர் இறந்தார்கள். விமானியறைக் கூரைக்கு மேலே வயரில் தெறித்த பொறி, பக்கத்திலிருந்த காப்புப் போர்வையைப் பற்றவைத்ததுதான் தொடக்கம். அதன்பின்தான் வயரிங்கை ஒரு தனி அமைப்பாகவே பார்த்துச் சோதிக்கும் விதிகள் வந்தன.

அதனால் வயர் வேலையில் பட்டறைக் கை வேண்டாம். இரண்டு வயரை முறுக்கி ஈயம் வைத்து டேப் சுற்றினால் லாரியில் வருஷக்கணக்கில் ஓடும். விமானத்தில் ஈயம் வயர் இழைகளுக்குள் ஊறி ஏறிய இடம் கம்பிபோல் விறைத்துப்போகும். அதிர்வில் அந்த விறைப்பின் ஓரத்திலேயே முறியும். டேப்பின் பசை சூட்டில் இளகி வழுக்கும். ஆகவே டெர்மினலை வயர்மேல் நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்ப்தான் முறை. அதையும் சாதாரண பிளையரால் நசுக்கக் கூடாது. முழு அழுத்தம் விழாமல் வாயைத் திறக்காத ராட்செட் கருவி வேண்டும். டெர்மினல் நிறமும் ஒத்துப்போக வேண்டும். வயரின் கேஜ் எண்படி சிவப்பு 22 முதல் 18 வரை, நீலம் 16, 14, மஞ்சள் 12, 10. எண் குறையக் குறைய வயர் தடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வயர் கட்டை இழுத்து விறைப்பாகக் கட்டுவது அழகு என்று வீட்டு வேலையில் சொல்லிக்கொடுப்பார்கள். இங்கே இரண்டு கிளாம்புக்கு நடுவே கையால் அழுத்தினால் அரை அங்குலம்வரை தொய்ய வேண்டும். வளைவின் ஆரம் கட்டின் குறுக்களவைப் போல் பத்து மடங்குக்குக் குறையக் கூடாது. ஒரு போல்ட்டில் நான்கு டெர்மினலுக்கு மேல் அடுக்கக் கூடாது. எரிபொருள் குழாயை ஒட்டிப் போனால் வயர் மேலே, குழாய் கீழே. குழாயையே தாங்கலாக வைத்து வயரைக் கட்டுவது பெரிய குற்றம். துளை போட்ட பிறகு உலோகத் தூளை ஊதித் தள்ளாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஊதினால் அது நேராக வயர் கட்டுக்குள்தான் போய் உட்காரும்.

உடம்பே நியூட்ரல்

அலுமினிய உடம்புள்ள விமானத்தில் கரண்ட் திரும்பும் பாதை பெரும்பாலும் அந்த உடம்புதான். லாரி சேஸி மாதிரி என்று நினைத்து, பெயிண்டின் மேலேயே கிரவுண்ட் வயரை முடுக்கிவிடுகிறார்கள். பெயிண்டையும் ஆனோடைஸ் படலத்தையும் டெர்மினலைவிடச் சற்று அகலமாகச் சுரண்டி, முடுக்கி, மில்லி ஓமில் அளந்து, பிறகு ஓரத்தை மூடிப் பூச வேண்டும். பாகங்களை உடம்போடு இணைக்கும் பாண்டிங் பட்டைக்கு 3 மில்லி ஓம் என்பது வழக்கமான மேல்வரம்பு. நம் ஊர் ஈரத்தில் பூசாமல் விட்ட இடம் சீக்கிரமே வெள்ளைப் பொடி பூக்கும். மூன்று ஃபேஸ் கருவியின் நியூட்ரல் இப்படித் தளர்ந்தால் ஒரு ஃபேஸில் வோல்ட்டேஜ் இறங்கி இன்னொன்றில் ஏறும். குறை கருவியில் இருப்பதுபோலத்தான் தெரியும். கார்பன் ஃபைபர் உடம்புள்ள போயிங் 787இல் இந்தப் பாதையே கிடையாது. கரண்ட் திரும்புவதற்கென்று தனி உலோக வலை போட்டிருக்கிறார்கள்.

பேட்டரி ரூம்

பல விமானங்களில் இருப்பது நிக்கல் காட்மியம் பேட்டரி. செல்லுக்கு 1.2 வோல்ட், இருபது செல், 24 வோல்ட். லாரி பேட்டரிக்கு ஊற்றுவதுபோல் நினைத்த நேரத்தில் இதற்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. சார்ஜ் இறங்கியபோது தட்டுகள் திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அளவு குறைந்ததுபோல் தெரியும். அப்போது ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். சார்ஜ் முடியும் தறுவாயில்தான் ஊற்ற வேண்டும். ஹைட்ரோமீட்டரும் இங்கே உதவாது. சார்ஜ் ஏறினாலும் இறங்கினாலும் திரவத்தின் அடர்த்தி மாறாது. லாரி பேட்டரிக்குள் முக்கி எடுத்த அதே ஹைட்ரோமீட்டரை இதில் முக்கினால் அமிலம் ஒட்டி பேட்டரி கெட்டுவிடும். இரண்டுக்கும் அறையும் கருவியும் தனித்தனியாக இருக்க வேண்டும். சிந்தினாலும் மருந்து வேறு: அமிலத்துக்குச் சமையல் சோடா, இதற்கு போரிக் அமிலம்.

ஜி.பி.யு. பிளக்கை இழுப்பது

நிற்கும் விமானத்துக்குத் தரையிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வண்டிதான் ஜி.பி.யு. அதன் பிளக்கில் ஆறு துளை. மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல், மீதி இரண்டு கன்ட்ரோல் சர்க்கியூட்டுக்கு. விமானத்துச் சாக்கெட்டில் அந்த இரண்டு பின்களும் மட்டும் குட்டையானவை. பிளக்கை வெளியே இழுக்கும்போது அவை முதலில் விடுபட்டு கான்டாக்டரைத் திறந்துவிடும். பெரிய பின்கள் அதற்குப் பிறகே விலகும். இந்த ஏற்பாடு இருக்கிறதே என்ற தைரியத்தில் லோடு ஓடும்போதே பிளக்கை இழுப்பவர்கள் உண்டு. கான்டாக்டர் ஒட்டிக்கொண்டிருந்தால் பொறி கைக்கு நேராகத் தெறிக்கும்.

"அண்ணே, கழட்டவா?" என்று கேட்டு, மேலேயிருந்து "ஆஃப் பண்ணியாச்சு தம்பி" என்ற பதில் வந்த பிறகே கை வைக்க வேண்டும். முதலில் விமானியறையில் வெளி மின்சாரத்தை அணைக்க வேண்டும், அடுத்து ஜி.பி.யு.வில், அதன்பின்தான் பிளக். கேபிளைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் உடம்பைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். கழற்றியதும் அதன் துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். கறுத்தோ தளர்ந்தோ இருந்தால் அட்டை கட்டி அந்த ஜி.பி.யு.வை ஓரங்கட்டுங்கள். இல்லையென்றால் அடுத்து வரும் விமானத்தின் பின்களையும் அது சுட்டுவிடும்.