குஷன் வேலையை வீட்லயே ஆரம்பிக்கிறவங்க மொதல்ல சேரைக் கவிழ்த்துப் பாருங்க

குஷன் வேலை கத்துக்கணும்னு இறங்கி நெறய பேரு பாதில விடுறதுக்குக் காரணம் கை வராததில்ல, எடுத்த சாமான் தப்பு. வீட்ல இருக்கறதுலயே கண்ணை உறுத்துறது ஹால்ல கிடக்கற சோபாதான், அதனால ஆர்வத்துல மொதல்ல அதைத்தான் கிழிக்கறாங்க. கிழிச்சப்புறம்தான் உள்ள ஸ்பிரிங், அதுக்கு அடியில நாடா, கைப்பிடி வளைவுக்குன்னு தனித்தனியா வெட்டித் தச்ச துண்டுங்க, ஓரத்துல கயிறு வச்சுத் தச்ச பைப்பிங்னு ஒண்ணொண்ணா வெளிய வரும், வந்ததைத் திருப்பி வைக்கற வரிசை நம்மளுக்குத் தெரியாது. அப்பறம் குஷன் கடைக்காரரைக் கூப்பிட்டா பிரிச்சுப் போட்டதைச் சேக்கறதுக்கே தனிக் கூலி கேப்பாரு, கேக்கறது நியாயமும்கூட.

மேல இருக்கற துணியைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, எதையும் கவிழ்த்துப் போட்டு அடியைப் பாருங்க. டைனிங் சேரைக் கவிழ்த்தா நாலு மூலையிலயும் நாலு ஸ்க்ரூ தெரியுதா, அதைக் கழட்டுனா உக்கார்ற பலகை மட்டும் தனியா கையில வருதா, அதுதான் உங்க மொத வேலை. ஒரு ப்ளைவுட் பலகை, மேல ஒரு ஃபோம், அதைச் சுத்தி ஒரு துணி, அடியில ஸ்டேப்ளர் பின், அவ்வளவுதான், தையலே கிடையாது. துணி ஃப்ரேமுக்குள்ள சொருகிப் போகுது, மடிப்பு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல, வரிசையா பித்தளைக் குமிழ் அடிச்சிருக்குன்னா அதை இப்போதைக்கு விட்டுருங்க.

இன்னும் சுலபமா வேணும்னா சாய்வு நாற்காலி. ரெண்டு பக்கமும் கம்பு போறதுக்கு மடிச்சுத் தச்ச கேன்வாஸ் துணி, அவ்வளவுதான் விஷயம். ஃபோம் இல்ல, பின் இல்ல, உப்புக்காத்துல பிசுபிசுத்துப் போச்சுன்னா கழட்டித் துவைச்சுக்கலாம், நம்ம ராமநாதபுரம் கடலோரத்துக்கு இதைவிடத் தோதான நாற்காலி எனக்குத் தெரிஞ்சு இல்ல. இதுல ஒரே தப்பு, பழைய துணியை வச்சே அளவெடுக்கறது. அது வருசக்கணக்கா ஆள் உக்காந்து தொங்கிப்போன துணி, அதே நீளத்துக்கு வெட்டுனா புதுசும் தரையைத் தட்டும், கொஞ்சம் கம்மி பண்ணிக்கங்க. கம்பு போற மடிப்புக்கு டெய்லர்கிட்ட ரெட்டைத் தையல் போடச் சொல்லுங்க, ஆளோட மொத்த கனமும் அந்த ஒரு தையல்லதான் நிக்குது.

கீழக்கரை பக்கம் பழைய வீடுகள்ல பிரம்பு பின்னுன தேக்கு நாற்காலி கிடக்கும். பிரம்பு அந்துபோச்சுன்னா அதுமேல ஒரு பலகையை வச்சு ஃபோம் அடிச்சு மூடிரலாம்னு தோணும், தயவுசெஞ்சு செய்யாதீங்க, அது பிரம்பு பின்றவங்க வேலை, தேக்குல பின் இறங்குனா அந்த ஓட்டை ஓட்டைதான். பைக் சீட்டும் வேண்டாம், பாக்கத்தான் சின்னது, எல்லாப் பக்கமும் வளைவு.

லாட்ஜுல கழிச்சுப் போடற சேரை மலிவா கிடைக்குதுன்னு தூக்கிட்டு வர்றவங்க, வீட்டுக்குள்ள கொண்டாறதுக்கு முந்தி அடியில மடிப்புக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. கருப்பு கருப்பா புள்ளி இருந்தா மூட்டைப்பூச்சி. மரத்துல சின்ன ஓட்டையும் கீழ மாவு மாதிரித் தூளும் இருந்தா வண்டு அரிக்குது. ரெண்டுல எது இருந்தாலும் அங்கேயே விட்டுட்டு வந்துருங்க.

இப்ப துரு. பாம்பன், மண்டபம், தொண்டி எங்க இருந்தாலும் இதுதான் பெரிய தொல்லை. காத்துல இருக்கற உப்பு ஈரத்தை இழுத்து வச்சுக்கும், இரும்பு பின் சீக்கிரமா துருப்பிடிச்சு வெளிர் துணியில செங்காவிக் கறை இறங்கிரும், துவைச்சாலும் போகாது. அதனால ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின் கேட்டு வாங்குங்க, ஸ்க்ரூவும் அப்படியே. பழைய பின்னை எடுக்கறதுதான் உண்மையில நேரம் தின்ற வேலை. பட்டை ஸ்க்ரூ டிரைவரை பின்னுக்கு அடியில விட்டு லேசா நெம்பி, குறடால புடிச்சு இழுக்கணும், துருப்பிடிச்சதா இருந்தா ஒரு கால் ஒடிஞ்சு மரத்துக்குள்ளயே நின்னுக்கும், அதைத் தோண்டிக்கிட்டு இருக்காதீங்க, சுத்தியால ஒரு தட்டு தட்டி உள்ள இறக்கிட்டுப் போயிருங்க. புதுப் பின்னோட கால் நீளம் பலகை கனத்தைவிடக் கம்மியா இருக்கணும், 12 எம்எம் ப்ளைவுட்டுன்னா 8 இல்ல 10 எம்எம் பின் போதும். பலகை ஓரம் ஊறி இதழ் இதழா விட்டுருந்தா பின் நிக்காது, பலகையையே மாத்திருங்க.

துணிக்கடையில மயங்குற இடம் ரெண்டு. ஒண்ணு, தோல் மாதிரி பளபளன்னு இருக்கற பி.யூ. (பாலியூரித்தேன்) ரெக்சின். ஈரக்காத்துலயும் வேர்வையிலயும் அந்த மேல்பூச்சு சிதைஞ்சு செதில் செதிலா உரிஞ்சு சட்டையில ஒட்டும். இன்னொண்ணு கட்டம், கோடு போட்ட துணி, நாலு சேருக்கும் கோடு ஒரே மாதிரி நேரா வரணும்னா அனுபவம் வேணும், ஒரு சேர்ல சாஞ்சாலும் அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கெட்டியான, ப்ளெயின் நெசவுத் துணியா எடுங்க. திரைச்சீலைல மிச்சம் இருக்குன்னு அதைப் போட்டா இழுக்கறப்பவே பிரிஞ்சுரும்.

எவ்வளவு வாங்கறது? 18 இஞ்ச் சதுரப் பலகை, 2 இஞ்ச் ஃபோம்னா, ரெண்டு பக்கமும் ஃபோம் கனத்துக்கு 4, அடியில மடிக்க 4, மொத்தம் 26 இஞ்ச். சோபாத் துணி அகலம் பெரும்பாலும் 54 இஞ்ச், அகலத்துல ரெண்டு வந்துரும், நாலு சேருக்கு ஒன்றரை மீட்டர் தாராளம். இந்தக் கணக்கு தெரியாமத்தான் கடைக்காரர் சொல்றதை அப்படியே வாங்கிட்டு வர்றாங்க.

ஃபோமை விரலால அமுக்கிப் பாத்து வாங்காதீங்க. டென்சிட்டி கேளுங்க, 32ன்னா ஒரு கன மீட்டர் 32 கிலோன்னு அர்த்தம், தினம் உக்கார்ற சேருக்கு 40 நல்லது. அது அமுக்குனா கெட்டியா இருக்கும்னு கட்டாயம் இல்ல, ஆனா சீக்கிரம் அமுங்கிப் போகாது. பழைய தென்னைநார் மெத்தையை மிச்சம் புடிக்கறேன்னு திருப்பி வைக்கறவங்க உண்டு, அதுல ஏறின உப்பும் ஈரமும் அப்படியே உள்ள இருக்கும், அடைமழைக்கு நாத்தம் கிளம்பும். புது வேலையையும் ஐப்பசி கார்த்திகையில வச்சுக்காதீங்க. ஆடிக்காத்துல திண்ணையில வச்சு அடிக்காதீங்க, மணல் பறந்து வந்து ஃபோமுக்கும் துணிக்கும் நடுவுல உக்காந்துட்டா நறநறன்னு துணியை உள்ளருந்தே அரிக்கும்.

பின் அடிக்கறப்ப ஒரு ஓரத்துலருந்து ஆரம்பிச்சு வரிசையா போறதுதான் எல்லாரும் பண்றது, துணி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிரும். நாலு பக்கமும் நடுவுல ஒண்ணொண்ணு அடிச்சுட்டு, நிமித்திப் பாத்துட்டு, நடுவுலருந்து மூலையைப் பாத்துப் போங்க, மூலை கடைசி. மூலையில துணி குவிஞ்சா உள்பக்கத்துல கொஞ்சம் வெட்டிக் குறைச்சுட்டு மடிங்க. ஸ்க்ரூ ஓட்டையைத் துணியால மூடிராதீங்க, அப்பறம் தடவிக்கிட்டு இருக்கணும். சட்டத்துக்குள்ள இறங்கி உக்கார்ற மாதிரி சீட்டா இருந்தா பழைய துணியைக் கழட்டாம மேலயே புதுசை அடிக்காதீங்க, ரெண்டு துணி கனமும் சேந்துட்டா பலகை உள்ள இறங்காது, தட்டி இறக்குனா சட்டத்தோட மூட்டு விட்டுரும்.