டர்பனில் வழி கேட்டால் 'ரோபோட்' என்றே சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குப் புதிதாக வந்தவர்கள் வழி கேட்கும்போது 'சிக்னல்' என்று சொல்லாமல் 'ரோபோட்' என்று சொல்லுங்கள், உடனே புரியும். "ரெண்டாவது ரோபோட்ல இடது பக்கம்" என்று பதில் வந்தால், இயந்திர மனிதனைத் தேட வேண்டாம், போக்குவரத்து விளக்கைத்தான் சொல்கிறார்கள்.

காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட செக் மொழி நாடகத்தில் பிறந்த சொல் இது. 'ரொபோத்தா' என்றால் செக் மொழியில் கட்டாய உழைப்பு. நம் சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' மாதிரி, கூலியில்லாத வேலை. எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது. முச்சந்தியில் போலீஸ்காரர் நின்று கைகாட்டிய வேலையைத் தானாகவே செய்யும் விளக்குக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

அப்புறம், 'ரோபோட் வேலை செய்யவில்லை' என்று கேள்விப்பட்டால், அந்தச் சந்திப்பில் எல்லாத் திசை வண்டிகளும் நின்று, முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும்.

நமீபியா, ஜிம்பாப்வே வரை இந்தச் சொல் செல்லும். சென்னையிலோ லண்டனிலோ சொன்னால் யாருக்கும் புரியாது. அங்கே சிக்னல், டிராஃபிக் லைட்தான்.