பாப் ஆர்ட்டைப் பார்க்கும்போது இந்தத் தவறுகள் வேண்டாம்

விளம்பரம், காமிக்ஸ், சினிமா மாதிரி அன்றாடம் பார்க்கும் படங்களை எடுத்துக் கலையாக்குவதுதான் பாப் ஆர்ட். செல்ஃபியை நான்கு கட்டமாக்கி பளீர் நிறம் ஏற்றினால் அது பாப் ஆர்ட் ஆகிவிடாது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு படத்தை எடுத்து அதில் எதை மாற்றினார்கள் என்று பார்க்க வேண்டும், சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது.

இது அமெரிக்காவில்தான் பிறந்தது என்று நினைப்பதும் தவறு. பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி பிரிட்டிஷ் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் லண்டனில் செய்த கொலாஜ் 1956-லேயே வந்துவிட்டது.

அப்புறம் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் சூப் டப்பா ஓவியங்கள். 1962-ல் லாஸ் ஏஞ்சலிஸின் ஃபெரஸ் கேலரியில் வைத்த 32 படங்களும் அச்சடித்தவை என்றே பலரும் எண்ணுகிறார்கள். அவை கையால் தீட்டியவை. டப்பாவின் அடியில் ஓடும் பூ வரிசையைக்கூட முத்திரை மாதிரி கையால்தான் குத்தியிருக்கிறார், அதனால் கிட்டே போய்ப் பார்த்தால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.

நடிகை மரிலின் மன்றோவை வைத்து வார்ஹோல் செய்த ஓவியங்களை வெறும் நட்சத்திரக் கொண்டாட்டமாகப் பார்ப்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தரும் தவறு. அவர் 1962 ஆகஸ்டில் இறந்த பிறகு, பழைய சினிமா விளம்பரப் படம் ஒன்றிலிருந்து வார்ஹோல் 50 முகங்களைப் பதித்தார். இடப்பக்கம் 25 முகங்கள் பளிச்சென்ற நிறத்தில், வலப்பக்கம் 25 கறுப்பு வெள்ளையில். அந்தப் பக்கத்தில் சில முகங்களில் மை அப்பிக் கிடக்கிறது, ஓரத்துக்குப் போகப் போக முகமே மங்கிவிடுகிறது. இதைப் பார்த்த பிறகும் கொண்டாட்டம் என்று எப்படிச் சொல்வது?

காமிக்ஸ் படங்களை ஓவியமாக்கிய அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். 1963-ல் அவர் வரைந்த 'மூழ்கும் பெண்' ஓவியத்தை அப்படியே காப்பி என்பவர்கள், மூலமான காமிக்ஸ் படத்தில் கவிழ்ந்த படகைப் பிடித்தபடி பின்னால் இருந்த காதலனை அவர் நீக்கிவிட்டு, பெண்ணையும் அலைகளையும் மட்டும் நெருக்கமாக வைத்ததையும் வசனத்தை மாற்றியதையும் கவனிப்பதில்லை. அவரைப் புகழ்பவர்களோ அந்தக் காமிக்ஸை வரைந்த டோனி அப்ருஸோவின் பெயரைச் சொல்வதே இல்லை. இது அநியாயம்.

நீங்களே செய்வதாக இருந்தால், நிறத்தை மாற்றிவிட்டால் அடுத்தவர் எடுத்த போட்டோ உங்களுடையதாகிவிடும் என்று நம்பாதீர்கள். பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் எடுத்த போட்டோவிலிருந்து வார்ஹோல் செய்த படத்தை அவர் பெயரிலான அறக்கட்டளை ஒரு பத்திரிகைக்குக் கொடுத்த வழக்கில், 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் போட்டோ எடுத்தவர் பக்கம் நின்றது. அனுமதி வாங்குங்கள், இல்லாவிட்டால் சொந்தமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.